ஃபிடெல்மாவுக்காக ஒதுங்கிய சுவர்

டிரம்கீல் ஊரின் பழைய பால் நிலையத்தில் மாட்டிய ஓவியங்கள், மூன்றாவது கண்காட்சியிலிருந்து தாமாகவே நகர்ந்துகொள்ள ஆரம்பித்தன. காலையில் கதவைத் திறந்தால், ஜன்னலைப் பார்த்த நல்ல சுவரில், பஸ்ஸில் பிள்ளைக்காரிக்கு இடம் விட்டதுபோல எல்லாம் இருபக்கமும் நெருக்கியடித்து நிற்கும். நடுவில் இடம் காலி. வேறொருவர் வரைந்த படகுப் படத்தை அங்கே மாட்டிப் பார்த்தார்கள். அது இறங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டது.

அந்த இடத்தை நடத்தியவர்கள் ஓவியம் வரையும் ஃபிடெல்மாவும் இரும்பில் சிலை செய்யும் லோர்கனும். லீட்ரிம் மாவட்டத்தில் காட்ட இடமில்லாத கலைஞர் யார் வந்தாலும் சேர்த்துக்கொண்டார்கள். தேர்ந்தெடுப்பது, மாட்டுவது, ஊரைக் கூப்பிட்டுத் தேநீர் ஊற்றுவது எல்லாம் அவர்களே. தங்கள் படைப்பை மட்டும் வைக்கவில்லை. யாரும் தடுக்கவில்லைதான். ஆனால் அந்த ஊரில் கன்றுக்குட்டியைத் திருடியவன்கூடப் பிழைத்துவிடுவான், தலைக்கனம் பிடித்தவள் என்று பேர் வாங்கியவள் பிழைக்கமாட்டாள். லோர்கன் விவரமான ஆள். தன் இரும்புக் காளையை வாசலில் நிறுத்தி, சைக்கிள் கட்ட வைத்தேன் என்று சொல்லிவிட்டான். ஃபிடெல்மாவுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? வருஷக்கணக்காக வரைந்ததெல்லாம் கொட்டகையில் முடங்கிக் கிடந்தது.

"இந்தக் காட்சி முடியட்டும், வரையறத விட்டுடறேன். கொட்டகைல கோழி வளக்கப் போறேன்" என்றாள் அந்த வசந்தத்தில். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"கோழிக்குப் பெயிண்ட் வாசனை ஆகாதுடி. பேசாம அந்த எடத்துல உன் படத்த மாட்டு" என்றான் லோர்கன்.

"நானே நடத்தி நானே மாட்டிக்கவா? ஊரு என்ன பேசும்?"

"மழையப் பத்தியே பேசிப் பேசி அதுக்கும் சலிச்சுப் போச்சு. கொஞ்சம் பேசட்டும்."

அவள் மாட்டவில்லை. திறப்பு விழா மாலையில் ஊரே வந்தது. சுவரில் ஒரு படமும் இல்லை. கேட்பது மரியாதையில்லை என்று எல்லோரும் கையில் ஒயினோடு வெறும் சுவரைப் பார்த்து, இந்த வருஷத்துப் புல் அறுப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது விவசாயி மலக்கி நனைந்த தொப்பியோடு வந்தார்.

"ஏம்மா, உங்க படமெல்லாம் ரோட்டை அடைச்சுக்கிட்டு வருது. என் டிராக்டர் பின்னால நிக்குது. கொஞ்சம் வெரசா வரச் சொல்லு."

வெளியே தூறலில், பால் கறக்க வரும் மாடுகளைப்போல நிதானமாக ஓவியங்கள் வந்தன. நடுவில் அவை தாங்கி வந்தது, கொட்டகையில் கிடந்த ஃபிடெல்மாவின் பெரிய படம்: பழுப்புக் கரிச்சேற்று நிலம், அதில் தேங்கிய தண்ணீரில் ஒரு துண்டு வானம். உள்ளே ஏறி, எல்லாம் தத்தம் ஆணியில் தொங்கின. அவளுடையது காலி இடத்தில் போய் உட்கார்ந்தது.

"நான் மாட்டல! சத்தியமா நான் மாட்டல!" அவள் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது.

"அதான் எல்லாரும் பாத்தோமே, சும்மா இரு" என்றார் மலக்கி. தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த வானத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "மோசமில்ல" என்றார்.

அந்தப் பக்கத்தில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அவர் மனைவிக்கே கல்யாணத்தன்று ஒருமுறைதான் கிடைத்தது. ஃபிடெல்மா எல்லோர் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதாள், அவ்வளவு சந்தோஷம்.

கொட்டகைக்குக் கோழி வரவில்லை. சாலையில், மாடு கடக்குமிடம் என்ற பலகைக்குக் கீழே ஓவியங்களுக்கும் ஒரு பலகை வைத்தார்கள். அடுத்த கண்காட்சியன்று லோர்கனின் இரும்புக் காளை, கட்டியிருந்த சைக்கிள்களையும் இழுத்துக்கொண்டு உள்ளே நடந்து வந்தது. மலக்கி கதவைப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்.