மூன்றாவது பெட்டையின் மருந்து

"கண்ண மூடாத அமலி! இந்தா, டவுனு வந்தாச்சு!"

செபஸ்தியான் மிதித்த மிதியில் சைக்கிள் சங்கிலி அலறியது. கேரியரில் உட்கார்ந்து அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்த அமலராணியின் பிடி தளர்ந்துகொண்டே வந்தது. காலையில் சிரித்துப் பேசிய பெண்டாட்டி. இப்போது முகமெல்லாம் தடிப்பு. உதடு வீங்கி, மூச்சு விசிலடித்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பக்ருன்னிசா, ஏதோ ஒவ்வாமை என்று ஒரே பார்வையில் புரிந்துகொண்டு ஊசி போட்டார். மூச்சுத் திணறல் கொஞ்சம் தணிந்தது.

"எதுவும் கடிச்சுதா?"

"இல்லீங்கம்மா."

"உனக்கு என்ன தொழில்?"

"சீமைப் பன்னி வளக்குறேன். மூணு இளம்பெட்டை, வயசாகியும் பருவத்துக்கு வரல. மாட்டாஸ்பத்திரி டாக்டரு, 'மொதல்ல தீனியக் கூட்டு, பெறகு ஊசி போடுறேன்'னாரு. குதிரை ரத்தத்துலருந்து எடுத்த மருந்தாம். ரெண்டுக்குப் போட்டாரு. அந்த வாரமே கெடாவத் தேடிருச்சுக. இப்ப ரெண்டும் சினை. மூணாவது நோஞ்சான். 'தேத்தி வை, மதுரை போயிட்டு வந்து போடுறேன்'னு மருந்தையும் ஊசியையும் எங்கிட்டயே விட்டுட்டுப் போயிருக்காரு. ஈரமணல் பானையில பத்திரமா வச்சிருக்கேன்."

"இவளுக்கு யாராவது ஊசி போட்டாங்களா?"

"இவளுக்கா? காய்ச்சல்னுகூடப் படுத்ததில்லீங்க!"

"சாப்பாடு?"

அந்த நிலையிலும் அவனுக்குச் சிரிப்பு வந்தது. "பன்னிக்குத் தீனி கூட்டுனதுலருந்து இவளும் ரெண்டு உருண்டை களி கூடத் திங்கிறா. முட்டை, கடலைன்னு ஒண்ணு விடுறதில்ல. 'ஏ புள்ள, ஒன்னையும் சேத்தா தேத்தச் சொன்னாரு டாக்டரு?'ன்னு கேலிகூடப் பண்ணினேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க?"

செபஸ்தியான் தலை குனிந்தான். கல்யாணமாகி ஆறு வருஷம். போன வாரம்தான் அவன் அம்மா, அமலராணி காதுபடவே, "பன்னிக்கே வயித்துல தங்கிருச்சு, இவளுக்குத் தங்கலியே" என்று வாசலில் நின்று கத்தியிருந்தாள். அவன் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

கட்டில் குலுங்கியது. மறுபடியும் அதே விசில். அமலராணியின் விரல் நுனிகள் நீலம் பாரித்தன. டாக்டர் அடுத்த ஊசியை ஏற்றிக்கொண்டே அவள் காதருகே குனிந்தார்.

"உள்ள என்ன போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்மா. மறைச்சா உசுருக்கு நான் பொறுப்பில்ல."

"அவர வெளிய போகச் சொல்லுங்க..."

"நான் போகமாட்டேன்!" செபஸ்தியான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். "எதுனாலும் சொல்லு அமலி. நீ பொழச்சாப் போதும்."

அவள் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். வார்த்தை ஒவ்வொன்றுக்கும் மூச்சு வாங்கியது.

"அதுகளுக்குப் பலிச்சுதே, எனக்கும் பலிக்கும்னு நெனச்சேன். ஊசிய வெந்நியில அவிச்சேன். மூணாவது பெட்டைக்கு வச்சிருந்தத, என் தொடையில நானே குத்திக்கிட்டேன்."