மாமனார் பூசிய சுவர்

காலை ஐந்தரைக்கு எழுகிறேன். மோட்டார் போடுகிறேன். பால் காய்ச்சி ஒரு டம்ளர் டீ குடிக்கிறேன். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்துகிறேன். குளித்து, டப்பாவில் சோறு போட்டுக்கொண்டு ஏழு ஐம்பது பஸ்ஸைப் பிடிக்கிறேன். வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில். என் மனைவி இசைவாணி இறந்து எட்டு மாதம் ஆகிறது. டெங்கு.

எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. சுவரைப் பற்றி.

கல்யாணத்தின்போது அவள் விழுப்புரத்தில் கட்டடக்கலை கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இரும்பை என்ற ஊரில் பத்து நாள் மண் கட்டடப் பயிற்சிக்குப் போனாள். திரும்பி வந்தவளுக்கு மண் பைத்தியம் பிடித்திருந்தது. சூளையில் சுடாமல், மண்ணோடு கொஞ்சம் சிமெண்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்தினால் கல்லாகிவிடுமாம். வீடும் சில்லென்று இருக்குமாம். சமையலறை முழுக்க ஜாம் பாட்டில்களில் மண்ணும் தண்ணீரும். குலுக்கி வைப்பாள். எது அடியில் தங்குகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பாள். மேல்சித்தாமூர் பக்கம் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனோம். தாம்பூலப் பையிலிருந்த தேங்காயை என் கையில் திணித்துவிட்டு, பையில் மண்ணை நிரப்பினாள். ஒரு சிட்டிகை வாயிலும் போட்டு மென்றாள்.

"நறநறன்னு இருக்கு தேவா. சூப்பர் மண்ணு!"

பெண் வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மண்ணில்தான், அவளுடைய கடைசி வருடத் தேர்வுக்காக, எங்கள் வீட்டுப் பின்புறம் ஆறடிச் சுவர் எழும்பியது. கட்டியவர் அவள் அப்பா விருத்தாசலம். கொத்தனார். இருபத்தெட்டு நாள் ஈரச் சாக்கு போர்த்தி வைத்தோம். தேர்வாளர் நேரில் வந்து, வெறும் சுவரில் இரண்டு மணி நேரம் தண்ணீர் அடிப்பார். கரையாமல் நின்றால் பட்டம். இல்லையென்றால் இன்னொரு வருடம்.

தேர்வுக்கு முந்தின நாள் வரைபடங்களைப் பிரிண்ட் எடுக்க இருவரும் விழுப்புரம் போனோம். ராத்திரி வந்ததும் படுத்துவிட்டோம். காலையில் பல் துலக்கிக்கொண்டே பின்புறம் போனவள் அலறினாள். ஓடினேன்.

சுவர் முழுக்கச் சிமெண்ட் பூச்சு. கண்ணாடி மாதிரி வழவழப்பு. நடுவில், ஈரத்தில் கீறிய எழுத்து: வி. இசைவாணி, பி.ஆர்க். பக்கத்தில் மாமனார், வாளியோடு.

"இன்னா பாப்பா, எப்டி?"

"இன்னாப்பா பண்ண?"

"மெட்ராஸ்லேர்ந்து மேடம் வர்றாங்க. மண்ணு செவுத்தயா காட்டுவ? ஊருக்கெல்லாம் பூசறேன், எம்மவ செவுத்த மொட்டையா வுட்டுடுவனா?"

"மண்ணத்தாம்பா பாக்க வர்றாங்க!"

"மண்ண பாக்க இன்னாத்துக்குக் காரு வச்சிக்கினு வரணும்? அங்க மண்ணு இல்லியா?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள்.

"இன்னும் பாஸே பண்ணல தேவா. பட்டம் போட்டுட்டாரு!"

போன் அடித்தது. தேர்வாளர் அமலா மேடம். முந்தின நாளே விழுப்புரம் கல்லூரிக்கு வந்து தங்கியிருந்தவர், டிபன் முடித்துக் கிளம்பிவிட்டாராம். நாற்பது நிமிடம்.

அவள் உளி எடுத்தாள். நான் தோசைத் திருப்பி. மாமனார் முறைத்தபடியே சுத்தியலைத் தூக்கினார். பூச்சு அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது.

"நாலு மணலுக்கு ஒரு சிமெண்ட்டு கலவ போட்டேன் மாப்ள. ஒட்டலியே!"

"மண்ணு விரியும், சுருங்கும்பா. சிமெண்ட்டு அசையாது. எப்டி ஒட்டும்?"

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?"

"நீ பூசுவன்னு எனக்கு ஜோசியமா தெரியும்? ஜல்தியா தட்டுப்பா!"

சிரிப்பு எனக்கும் தொற்றியது. மூன்று பேரும் தலையிலிருந்து கால்வரை சாம்பல் நிறம். வாசலில் கார் நின்றபோது பெயர் எழுதிய துண்டு மட்டும் பாக்கி. மாமனார் பதறிப்போய் அவித்த மல்லாட்டைக் கடலையைத் தட்டோடு மேடத்திடம் நீட்டினார்.

"சுவரில் இது என்ன?" என்றார் அமலா.

இசைவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஒப்பிட்டுப் பார்க்க மேடம். மண்மேல சிமெண்ட் பூசினா என்ன ஆகும்னு காட்ட."

மாமனார் என் கையைக் கிள்ளினார்.

தண்ணீர் அடித்தார்கள். ஒரு மணி நேரம் எதுவும் ஆகவில்லை. அதன்பின் பெயர்த் துண்டு தானே கழன்று சேற்றில் தொப்பென்று விழுந்தது. மேடம் வேகமாக ஏதோ குறித்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் முடிந்ததும் சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். விரலில் மண் ஒட்டவில்லை.

"பாஸ்" என்றார். இசைவாணி தன் அப்பாவைக் கட்டிக்கொண்டு சேற்றிலேயே குதித்தாள். மேடத்தின் புடவையிலும் தெறித்தது.

பத்தொன்பது நாள் கழித்துக் காய்ச்சல். ஐந்தாம் நாள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள், அதுதான் கடைசி வார்த்தை என்று உறவினர்கள் சொல்கிறார்கள். அவர்கள் தள்ளி நின்றிருந்தார்கள். பாதிதான் கேட்டிருக்கும். ஸ்ட்ரெச்சர் பக்கத்தில் நான் இருந்தேன். அவள் சொன்னது இது:

"எங்கப்பாவ பாத்துக்கோ தேவா. செவுத்தாண்ட வுட்டுடாத, மறுபடியும் பூசிடுவாரு."