ஐம்பத்தெட்டா, நூற்றொன்றா?

"நூத்தி ஒண்ணு! ஐயோ, நூத்தி ஒண்ணு!"

மாடி அறையிலிருந்து தங்கை போட்ட கூச்சலில், கீழே கூடத்தில் அண்ணனைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவர்கள் ஒரு நொடி அழுகையை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார்கள்.

காய்ச்சல் யாருக்கும் இல்லை. கொதித்தது அண்ணனின் கம்ப்யூட்டர். படியில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஓர் ஆட்டைப் பற்றி நாலு வருடமாக அவன் தனியாளாக வரைந்த ஆறு நிமிடக் கார்ட்டூன், அந்தப் பெட்டிக்குள் முழுப் படமாகிக்கொண்டிருந்தது. நேற்று மாலை அதை ஓடவிட்டுவிட்டுப் பால் வாங்கப் போனவன், கடை வாசலிலேயே சாய்ந்தான், பிறகு எழவே இல்லை. இன்று நாலு மணிக்குள் படம் போட்டிக்குப் போய்ச் சேர வேண்டும். நடுவில் சூடு தாங்காமல் மெஷின் அணைந்தால் மறுபடி முதலிலிருந்துதான். இப்போது மணி இரண்டரை, தொண்ணூற்று மூன்று சதவீதம் முடிந்திருந்தது.

திரை ஓரத்தில் பிராசசரின் சூட்டைக் காட்ட மூன்று புரோகிராம்கள். ஒன்றில் ஐம்பத்தெட்டு, இன்னொன்றில் எழுபத்தொன்பது, மூன்றாவதில் சிவப்பு எழுத்தில் நூற்றொன்று.

"அணைச்சுடு. வீடே பத்திக்கப்போகுது, இருக்கிற துக்கம் போதாதா?" என்றார் பக்கத்தில் நின்ற அவள் கணவர்.

அண்ணனின் சிநேகிதர், ஊரே 'ஃபியூஸ்' என்று கூப்பிடும் எலக்ட்ரீஷியன், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐம்பத்தெட்டுதான் தங்கச்சி சரி. பயப்படாதே" என்றார்.

"எப்படிச் சொல்றீங்க?"

"மனசு சொல்லுது."

"உங்க மனசு சொன்ன வயர்லதான் போன மாசம் எங்க கிரைண்டர் புகைஞ்சுது!"

ஒருமுறை அண்ணனிடமே கேட்டிருக்கிறாள். "ஒண்ணு போர்டோட சூட்டைச் சொல்லுது, ஒண்ணு உள்ள இருக்கிறதைச் சொல்லுது, இன்னொண்ணு சும்மா வாயில வந்ததைச் சொல்லுது. எது எதுன்னுதான் தெரியல" என்று சிரித்துவிட்டு, பெட்டியின் பின்பக்கத் தகட்டில் விரலை வைத்து எண்ணினான். பத்து வரை விரலை எடுக்காமல் எண்ண முடிந்தால் ஓடலாம். முடியாவிட்டால் காற்று வேண்டும். அவ்வளவுதான் அவன் கணக்கு.

அவளும் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறில் "அம்மாடி!" என்று கையை உதறினாள்.

"ஃபேன் வேணும்!"

வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி அண்ணனின் கால்மாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. தடதடவென்று இறங்கிப்போய் அவள் வயரைப் பிடுங்கியதும் பெரியம்மா பாய்ந்தாள்.

"அடிப்பாவி! புத்தி பிசகிப்போச்சா உனக்கு? இன்னைக்கு ஒருநாள் அவனுக்குக் காத்து வரக்கூடாதா?"

காலையிலிருந்து வாயே திறக்காத அம்மா, சுவரில் சாய்ந்தபடி மெல்லக் கேட்டாள்.

"ஆட்டுக்கா?"

"ஆமாம்மா."

"எடுத்துட்டுப் போடி. அவனா இருந்தா என்னைக் கேட்டுக்கிட்டா நிப்பான்?"

கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவை ஃபியூஸ் கழற்றினார். அணைக்கச் சொன்ன கணவரே விசிறியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். நூற்றொன்று தொண்ணூற்றேழாயிற்று, பிறகு எண்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு மட்டும் அசையவே இல்லை. ஃபியூஸ் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவள் மறுபடி விரலை வைத்து எண்ணினாள். எட்டு... ஒன்பது... பத்து!

"ஓடட்டும்!"

மூன்று முப்பத்தைந்துக்குப் படம் முடிந்தது. அனுப்பி, 'கிடைத்தது' என்று பதில் வந்தபோது நாலாக ஏழு நிமிடம். ஃபியூஸ் துள்ளியதில் திருகாணிகள் அறையெங்கும் சிதறின. கணவர் விசிறியோடு ஒரு சுற்றுச் சுற்றினார். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசிறியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டு, "அண்ணா!" என்று கத்தியபடி நாலே தாவலில் படியிறங்கிவிட்டாள்.

கூடத்தில் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். "வண்டி வந்தாச்சு" என்றார் யாரோ.

விசிறியை அதே இடத்தில் வைத்துப் போட்டுவிட்டாள். அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சில்லிட்ட மணிக்கட்டில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

பத்து வந்தது. பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணிக்கொண்டே இருந்தாள்.