இறக்கம் பார்த்து நிறுத்து

சிவசக்தி வாங்கிய கார், மூன்று பேர் ஓட்டித் தேய்த்துவிட்டுக் கைகழுவிய கார். அது வந்து நின்ற அன்றைக்கு வெள்ளக்கடை ஊரே கூடிச் சிரித்தது. "யானையக் கட்டித் தீனி போடப் போறா" என்றார்கள். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தினமும் மதியம் சாமைச் சோறும் கொள்ளு ரசமும் சுடச்சுட வந்து சேர்ந்தால் அவளிடமே வாங்கிக்கொள்வதாக ஏற்காட்டில் ஒரு லாட்ஜ்காரர் சொல்லியிருந்தார். நாளைக்கு முதல் நாள். பஸ்ஸை நம்பினால் சோறு ஆறிப்போகும், பைக்கில் கட்டினால் ரசம் ரோட்டுக்குத்தான். இத்தனை வருஷம் எஸ்டேட்டில் கூலிக்குக் காப்பிப்பழம் பறித்த கை, இனிமேலாவது தனக்கென்று ஒன்று செய்யட்டும் என்று அவள் ஏங்கினாள்.

காரில் ஒரே ஒரு குறைதான். அதை அவளும் அவள் புருஷன் பெரியண்ணனும் வெளியே மூச்சுவிடவில்லை. ஸ்டார்ட்டர் செத்திருந்தது; சாவியைத் திருகினால் எஞ்சின் கிளம்பாது. சேலத்து மெக்கானிக் சாமான் வந்ததும் மாற்றித் தருவதாகச் சொல்லியிருந்தான். சாமான் வந்த பாடில்லை. அதுவரைக்கும் மலை எதற்கு இருக்கிறது? எங்கே போனாலும் மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படி நிறுத்துவாள். கிளம்பும்போது கியர் போட்டு உருளவிட்டுக் கிளட்சை எடுத்தால் வண்டிக்கு உயிர் வந்துவிடும்.

மாமியார் ராசம்மாளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பூசை போடாத வண்டியில சோறு ஏறக்கூடாது. பூசையில எலுமிச்சம்பழத்து மேல ஏறாம நின்னுபோச்சுன்னா சகுனம் சரியில்ல, அன்னைக்கே வித்துப்போடோணும்" என்று சொல்லிவிட்டாள். சிவசக்தியும் தலையாட்டியிருந்தாள்.

ஊர்ப் பிள்ளையார் உட்கார்ந்திருப்பதோ மேட்டின் உச்சியில். சாமியைப் பார்த்து வண்டி நிற்க வேண்டும் என்றால் மூக்கு மேலே, முதுகு பள்ளத்தில். அதனால் எஞ்சினை அணைக்கவே கூடாது என்று புருஷனிடம் படித்துப் படித்துச் சொல்லிக் கூட்டிவந்தாள். பெரியண்ணன் பின் டயருக்குக் கல் முட்டுக் கொடுத்தான். டயர்களுக்கு முன்னால் பழம் வைத்தார்கள். சிவசக்தி கும்பிட இறங்கினாள்.

பூசாரி மாதேஸ்வரன் கற்பூரத்தை ஏற்றிவிட்டு முகத்தைச் சுளித்தார். "ஒரே புகையா இருக்குது. வண்டிய நிறுத்துங்கப்பா."

பூசாரி அதட்டினால் பெரியண்ணனுக்கு உடம்பெல்லாம் பணிவு. சட்டென்று கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பிவிட்டான். திருப்பிய பிறகுதான் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தான்.

தீபாராதனை முடிந்தது. சிவசக்தி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். 'டிக்' என்றது. இன்னொரு தரம், அதே 'டிக்'. கூட்டத்தில் யாரோ செருமினார்கள். இந்த மேட்டில் மேலே தள்ளி ஓடவிடப் பத்து ஆள் வந்தாலும் ஆகாது. நாளைய சோற்றுப் பானை கண் முன்னாலேயே கவிழ்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. அழுகை முட்டியது.

"நான் அப்பவே சொன்னன்" என்றாள் ராசம்மாள்.

அழுகையை விழுங்கிக்கொண்டு சிவசக்தி கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வழி நேராக, வெறுமையாகக் கிடந்தது. ரிவர்ஸும் ஒரு கியர்தானே!

"பூசாரியண்ணா, பழத்த எடுத்து டயருக்குப் பின்னால வைங்க. ஏனுங்க, நான் சொன்னதும் கல்ல எடுத்துட்டு ஒதுங்கிக்குங்க."

"பின்னாலயா?" ராசம்மாள் குரல் உயர்ந்தது. "மொதல் நாளே பின்னால போற வண்டி ஊட்டையும் பின்னாலதான் இழுக்கும்."

சிவசக்தி தலையை வெளியே நீட்டினாள். "சாமி கும்புட்டுப்போட்டு நாம எப்படிங்கத்த வருவோம்? அவருக்கு முதுகு காட்டாம, பின்னாலயே நடந்துதான வருவோம்? வண்டிக்கு மட்டும் அந்த மரியாத வேண்டாமுங்களா?"

பூசாரி பிள்ளையாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குனிந்து பழங்களைப் பின்னால் மாற்றி வைத்தார்.

சாவியைத் திருப்பி, ரிவர்ஸ் போட்டுக் கிளட்சை மிதித்துக்கொண்டாள். கல் விலகியது. பிரேக்கை விட்டதும் கார் சாமியைப் பார்த்தபடியே பின்னால் நகர்ந்தது. பழங்கள் சப்பென்று நசுங்கின. உருளும் வேகம் கூடியதும் கிளட்சை எடுத்தாள். ஒரு குலுக்கல், ஒரு இருமல், அப்புறம் எஞ்சின் உறுமியது. அன்றைக்கு 'யானை' என்றவர்களும் கைதட்டினார்கள். சிவசக்தி பிரேக்கை அழுத்தி நின்றாள்.

மேட்டிலிருந்து இறங்கி வந்த ராசம்மாள் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எப்பப் பார்த்தாலும் இறக்கத்தப் பாத்தே நிறுத்தறயே, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?" என்றாள். "நாளைக்கு நானும் வர்றன் கண்ணு. எங்கயாச்சும் சமதரையில நின்னுபோச்சுன்னா, தள்ளறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல."