பளபளப்பான வண்டு

சுதாவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உத்திரமேரூர் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம். அதற்குள் புருஷன் பாண்டியன் அவளுடைய கத்திரித் தோட்டத்துக் காவலையே கொன்று வைத்திருந்தான்.

அவன் நீட்டிய பாட்டிலில் சோப்புத் தண்ணீர். அதில் நாற்பது ஐம்பது பொறிவண்டுகள் மிதந்தன, சிவப்பாய், எண்ணெய் தடவினது போலப் பளபளவென்று.

"படிச்சுப் படிச்சு சொல்ட்டுதானே போனேன்? மங்கலான வண்டு, ஒடம்பு பூரா புள்ளி வச்சிக்கினு கீதே, அதான் எலைய துன்றது. இது அசுவினிப் பூச்சிய துன்றது, நம்ம பக்கம். இதப் போயா புட்ச்ச?"

"கண்ணுல இதான்மே பட்டுது. மங்கலானது எல்லாம் எலைக்கு அடியில பூந்துக்கினு கீது. பேசாம மருந்து அட்ச்சிடலாம்."

மருந்து, மருந்து. ஒரு வாரமாக இதே பாட்டு. ஞாயிற்றுக்கிழமைக்குள் செடி தேறாவிட்டால் அடித்துக்கொள் என்று மல்லுக்கட்டித்தான் தவணை வாங்கியிருந்தாள். இன்று வெள்ளி. போன போகத்தில் அடித்தபோது இரண்டு வகை வண்டும் செத்தன; செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினி மட்டும் பத்தே நாளில் படைபடையாய்த் திரும்பி வந்தது. தோட்டமே பாழ்.

இந்த மனுஷனிடம் சொல்வதும் ஒன்று, வரப்பிடம் சொல்வதும் ஒன்று என்று முணுமுணுத்துக்கொண்டே செடிக்குள் இறங்கி ஓர் இலையைத் திருப்பினாள். அடியில் கறுப்பாய், முள்ளு முள்ளாய் ஒரு புழு. பார்த்தாலே அருவருப்பு. இலை தின்னும் சனியன் என்று ஒரு வாரமாய்க் காலையும் மாலையும் அவள் விரலால் நசுக்கித் தள்ளிய அதே ஜாதி. இதையும் நசுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

புழு இலையைத் தின்னவில்லை. அதன் வாயில் ஓர் அசுவினி காலை உதறிக்கொண்டிருந்தது. பக்கத்து இலையில் அதே கறுப்புத் தோல் சுருங்கி ஒட்டிய கூட்டிலிருந்து, ஈரம் காயாத பொறிவண்டு ஒன்று வெளியே வந்துகொண்டிருந்தது.

இந்த வண்டுகளைப் பற்றி வேளாண்மைத் துறை வாலாஜாபாத்தில் நடத்திய கூட்டத்தில் இதையும் சொல்லியிருப்பார்கள். அவள்தான் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வண்டுப் படத்தைப் பார்த்ததோடு எழுந்து வந்தாள். யாரைத் திட்டுவது?

"இன்னாமே, அங்கியே நின்னுட்ட?" என்றான் பாண்டியன் வரப்பிலிருந்து.

"நீ கொன்னது ஒரு பாட்லுய்யா. நான் ஒரு வாரமா இதோட குஞ்சுங்களக் கொன்னுக்கினு கீறேன்."

பாண்டியன் இறங்கி வந்து இலையைப் பார்த்தான். கையிலிருந்த பாட்டிலையும் பார்த்தான்.

"அப்ப மருந்தே வேணாம் வுடு," என்றான். "நம்மளே அட்ச்சிட்டோம்."