மருமகளுக்கு மட்டும் வந்த நோய்

"அவன் மாத்திரைய உள்ள வை லா! ஆளு வருது, தெரியல?"

லோஷினி மேசைமேல் வைத்த இரண்டு மாத்திரைகளில் தன் மகன் தீபனுடையதை மாமியார் வெள்ளையம்மா சட்டென்று எடுத்து அலமாரிக்குள் போட்டாள். வாசலில் பக்கத்து வீட்டுக் காளியம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

லாயாங் லாயாங் ஊரில் அந்தத் தெரு முழுக்க ஒரு சேதி தெரியும்: தீபன் பொண்டாட்டிக்கு எச்.ஐ.வி. அது தீபனிடமிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது. அவள் கர்ப்பமாக இருந்தபோது கிளினிக்கில் கண்டுபிடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்பே தனக்கு இருந்ததாக அவன் வீட்டில் ஒப்புக்கொண்டான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மகன் விஷயத்தில் வெள்ளையம்மா ஊர் வாயையும் மூடினாள். மாத்திரை சாப்பிடுகிறவருக்குத்தான் நோய் என்பது அவள் கணக்கு. ஆகவே மருமகள் சாப்பிடலாம், மகன் கூடாது.

எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டும் தீபனுக்கும் அது வசதியாக இருந்தது. எட்டு மாதமாய் அவன் மாத்திரையைத் தொடவில்லை.

லோஷினி ஒரு நாளும் விடவில்லை. குழந்தை நோயில்லாமல் பிறந்தது. அவள் இரத்தத்தில் கிருமி சோதனைக்கே அகப்படாத அளவு குறைந்துவிட்டது. ஆனாலும் அவள் போட்ட காப்பியைக் காளியம்மா அன்றும் தொடவில்லை. முன்பெல்லாம் லோஷினி அழுவாள். இப்போது காப்பியைக் கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவி வைத்துவிடுகிறாள். மனம் மரத்துப்போயிருந்தது.

அடுத்த மாதம் தீபன் காய்ச்சலில் விழுந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று வாரம். டாக்டர் வெள்ளையம்மாவிடமே சொன்னார்.

"உங்க மருமக தவறாம சாப்பிடறாங்க, நல்லா இருக்காங்க. இவரு இனியும் விட்டா காப்பாத்த முடியாதும்மா."

வீடு திரும்பிய அன்று வெள்ளையம்மா தன் கையாலேயே மகனுக்கு மாத்திரை கொடுத்தாள். அந்நேரம் காளியம்மா அவனைப் பார்க்க வந்துவிட்டாள்.

"தீபனுக்கு என்னவாம்க்கா?"

"என்னத்த சொல்ல? இவகிட்டேருந்து எம்மவனுக்கு ஒட்டிக்கிச்சு."

தீபன் தலை குனிந்துகொண்டான். லோஷினிக்குக் கோபம்கூட வரவில்லை. கிளினிக் தேதியைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

"இல்ல ஆன்ட்டி. இவருகிட்டேருந்துதான் எனக்கு வந்துச்சு. கேட்டுப் பாருங்க."

"ஆமா" என்றான் தீபன், நிமிராமல்.

காளியம்மா தீபன் அருகே போனாள். அவன் தோளைத் தடவிக்கொடுத்தாள். இரண்டு வருடமாய் லோஷினியை அப்படி யாரும் தொட்டதில்லை.

"அலமாக், பாவம்! ஆம்பளப் பையன். நீதாம்மா இவன நல்லா பாத்துக்கணும்."

லோஷினி தன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

"மொதல்ல என்னைய பாத்துக்கறேன் ஆன்ட்டி."