எரிகிறதா, குத்துகிறதா?

டோக்பே மாஸ்டருக்கு ஒரு மாதமாகப் பாதத்தில் ஏதோ செய்தது. என்ன செய்தது என்று சொல்லத்தான் ஆங்கிலத்தில் வார்த்தை அகப்படவில்லை. தாய்மொழியான எவேயில் என்றால் கானாவின் ஹோ நகரமே "சுர்ருங்குது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். ஆனால் காலைக் காட்டப்போகும் டாக்டர் செலோம் அவரிடம் ஆங்கிலம் படித்தவர். வகுப்பில் எவே பேசிய பிள்ளைகளின் கழுத்தில் தண்டனையாக நத்தை ஓட்டைக் கட்டி நிற்கவைத்தவர் மாஸ்டர். அதிகம் நின்றது செலோம்தான். அந்தப் பயல் முன்னால் போய் எவேயில் முனகுவதா?

இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சர்க்கரை வியாதி, கடைசியில் காலையே எடுத்துவிட்டார்கள். இதை மனைவி எனியோனாமிடம்கூட அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மாஸ்டரும் மனைவியும் உள்ளே நுழைந்ததும் டாக்டர் எழுந்து நின்றவர்தான், உட்காரவே இல்லை. ஆங்கிலத்தில், அதுவும் இலக்கணம் பிசகாமல், கேட்டார்: "எப்படி இருக்கு சார்?"

"பர்னிங்." டாக்டர் எழுதிக்கொண்டார். "இல்ல, அது கொஞ்சம் மிகை. ஷார்ப்னு போடு." அடித்துவிட்டு எழுதினார். "அதுவும் சரியில்ல. டெண்டர்?"

"டெண்டர்னா இறைச்சிக்குன்னுதானே சார் சொல்லிக்கொடுத்தீங்க?"

மாஸ்டர் அடுத்த வார்த்தையைத் தேடினார். எனியோனாமுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, நோவு உங்களுக்கா, இங்கிலீஷுக்கா?" என்றாள் எவேயில். யாரோ நத்தை ஓட்டோடு வந்துவிடுவார்கள் என்பதுபோல ஆண்கள் இருவரும் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார்கள்.

டாக்டர் வேறு வழியில்லாமல் ஒரு குச்சியால் உள்ளங்காலில் மெல்லக் கோடு இழுத்தார்.

"ஐயோ! சுர்ருங்குதுடா, பாவி!"

டாக்டர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எவேயிலேயே கேட்டார்: "போர்வை பட்டாக்கூடவா சார்?"

"ஆமாண்டா. தூக்கமே இல்ல. எங்க அண்ணன் காலை எடுத்த மாதிரி எடுத்துடுவீங்களாடா? பயமா இருக்குடா."

"இவ்வளவு கத்துற காலை எவன் சார் எடுப்பான்? உங்க இனிப்பு ரொட்டியைத்தான் எடுக்கப்போறேன். ரத்தத்தைச் சோதிச்சு மருந்து தரேன்."

மாஸ்டருக்கு மூச்சு வந்தது. எனியோனாமோ அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டருக்கு இங்கிலீஷ் வார்த்தை தேடினீங்க, சரி. பயமா இருக்குன்னு என்கிட்ட சொல்ல எதைத் தேடினீங்க?"

மாஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். டாக்டர் திரும்பி, சுவரில் மாட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை வெகு அக்கறையாகப் பார்க்கத் தொடங்கினார்.